கொசுறு

இரவு பத்து மணிக்கு
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு
குரல்செய்தி வருகிறது.
"சமையல் அண்ணா, நல்லா இருக்கியா?"

என் பெயர் சமயன்.
ஹெல்வியைச் செல்வியாக்கியது நாங்கள்தான் என்பதால்
நான் திருத்துவதில்லை.

பின்லாந்தில் இப்போது மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறதாம்.
பெரிய கடையாம், தரையில் முகம் தெரியுமாம்.
தக்காளி நாலு, அச்சில் வார்த்ததுபோல் நாலு,
பிளாஸ்டிக் தொட்டிலில் படுத்திருக்கிறதாம்.
காசு வாங்குவது இயந்திரம்.
கணக்கு முடிந்தபிறகும்
பையை விரித்துப் பிடித்தபடி
அதன்முன் நின்றுகொண்டிருந்தாளாம்.
பின்னாலிருந்தவர் இருமினாராம்.

சொல்லிச் சிரிக்கிறாள்.
செய்தி முடியும்போது சிரிப்பு இல்லை.

யானைக்கல் சந்தில் எட்டடிக்குப் பத்தடி என் கடை.
கண்ணாஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்தவள்
பதினொரு மாதம், பிரிட்ஜ் இல்லாத மாடியறை,
ஆகவே தினமும் வந்தாள்.
அம்பது சீரகம். ரெண்டு பல்லாரி.
ஒரு முழம் புடலங்காய்.
பூவைப்போலக் காயை அளந்து கேட்டவள்
இந்தத் தெருவில் அவள் ஒருத்திதான்.

கூரையில் தொங்கும் கண்டிலிருந்து
சரக்கென்று நூலிழுத்துப் பொட்டலம் கட்டுவதை
ஏழெட்டுத் தடவை வீடியோ எடுத்தாள்.
அந்த நூலையெல்லாம் அவிழ்த்துச் சேர்த்து
எலுமிச்சை அளவு உருண்டையாகச் சுற்றி
ஊருக்குக் கொண்டுபோனாள்.
இன்னமும் மஞ்சள்தூள் வாசமாம்.

இப்போது அவளுக்கு எல்லாமே நல்லதாகத் தெரிகிறது.
பருத்திப்பாலில் தொண்டையைக் கிள்ளும் சுக்கு,
சாயங்காலத்து முள்ளுமுருங்கை வடை,
அதன்மேல் தூவிய பொடி,
தோல் கறுத்த பிறகே இனிக்கும் சிறுமலைப்பழம்.
வயிற்றுப்போக்கில் நாலு நாள் சுருண்டு கிடந்ததைக்கூட
"ஓமத்தண்ணி" என்று
சாமி பெயரைப்போல இழுத்துச் சொல்கிறாள்.

அவளுக்குத் தெரியாதது ஒன்று உண்டு.

முதல் பதினைந்து நாள்
எதற்கும் ரெண்டு, மூன்று கூட்டித்தான் சொன்னேன்.
வெள்ளைக்காரி, பேரம் பேசமாட்டாள் என்று நினைத்தேன்.
பேசவில்லை.
பதினாறாம் நாள்
சில்லறையில் கைதவறி நான் கூடுதலாகக் கொடுத்த இருபது ரூபாயை
சித்திரை வெயிலில் திரும்ப நடந்து வந்து
கல்லாமேல் வைத்துவிட்டுப் போனாள்.
வியர்வையில் நனைந்த நோட்டு.

அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை
என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
இறங்கியது.
மறுநாள் அவள் பையில்
கை நிறையக் கறிவேப்பிலை, கொஞ்சம் மல்லி,
மேலே ரெண்டு பச்சைமிளகாய்.

"இது எவ்வளவு?"
"கொசுறு."
நோட்டில் எழுதிக்கொண்டு அர்த்தம் கேட்டாள்.
சும்மா தருவது என்றேன்.
"சும்மான்னா?"
அதற்குமேல் என்னிடம் தமிழ் இல்லை.

கூட்டிப் பார்த்தால் நான் எடுத்தது
முந்நூற்றுச் சொச்சம் வரும்.
கறிவேப்பிலையிலேயே அடைத்திருப்பேன்.
ஐப்பசி மழையில் மல்லி விலை
கைக்கு எட்டாமல் ஏறியபோதும் நிறுத்தவில்லை.
எந்த நாளோடு கடன் முடிந்தது,
எந்த நாளில் கொசுறு தொடங்கியது,
கல்லாவில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவனுக்கும்
பிடிபடவில்லை.

அவளோ ஒரு ஊரின் குணம் என்று
அதை நூலுருண்டையோடு வைத்திருக்கிறாள்.

பொத்தானை அழுத்திப் பேசுகிறேன்.
"செல்வி, நீ வந்த புதுசுல நான்..."
கட்டைவிரலை ஒதுக்கி அழிக்கிறேன்.
சந்தில் மாடு ஒன்று
முட்டைக்கோஸ் தழையை இழுத்துக்கொண்டு போகிறது.

மறுபடி அழுத்துகிறேன்.
"அந்தத் தக்காளியை
ஒரு தடவ அமுக்கித்தான் பாரேன்,
யாரு பாக்கப் போறா."